உரையளவையும் வலைப்பதிவும்

அறிவு பிறக்கும் வாயில்களைக் காண்டல், கருதல், உரை என வகுத்தனர் அளவை நூலார். செய்தி நுகர்வோர்க்குப் பெரும்பாலும் வாய்ப்பது உரையளவையே. ஆகலின், உரைப்போர் நம்பத்தக்கவரா என்னும் வினா தவிர்த்தற்கரியது. பத்திரிகையானது ஆசிரியர் குழுவையும் நெடுநாட் பெயரையும் இதற்கு விடையாகக் காட்டிற்று. இவையின்றித் தனியொருவர் எழுதி வெளியிடும் வலைப்பதிவு எதனைக் காட்டும்? ஒன்றுமில்லை என்றே பத்திரிகைத் துறையினர் பலர் கருதினர். இக்கருத்து எத்துணைப் பொருத்தமுடையதென ஆராய்தல் தகும்.

2004 செப்டெம்பர் 8 ஆந் திகதி, அமெரிக்காவின் சி. பி. எஸ். தொலைக்காட்சியில் டான் றாதர் சில ஆவணங்களை வெளியிட்டார். ஜனாதிபதி ஜோர்ஜ் டபிள்யூ. புஷ் இளமையில் ரெக்சாஸ் வான்படைக் காவற் பிரிவில் உரியவாறு கடமையாற்றவில்லை என்பதற்கு அவை சான்றெனப்பட்டன. 1972, 1973 ஆம் ஆண்டுகளில் எழுதப்பட்டனவென்றுஞ் சொல்லப்பட்டன. சில மணி நேரத்துள் இணையத்தில் எழுதுவோர் அவற்றின் எழுத்தமைப்பை ஐயுற்றனர். எழுத்துக்கு எழுத்து அகலம் வேறுபடும் அவ்வமைப்பு அக்காலத் தட்டச்சுப் பொறிகளில் அரிது. சார்ள்ஸ் ஜோன்சன் என்னும் வலைப்பதிவர் ஓர் ஆவணத்தை மைக்கிரோசொவ்ற் வேர்ட் கொண்டு மீளத் தட்டச்சிட்டு, இரண்டும் ஏறத்தாழ ஒத்திருத்தலைக் காட்டினார். அவர் தம்மை நம்புமாறு கேட்டாரல்லர். எவரும் செய்து பார்க்கத்தக்க சோதனையை முன்வைத்தார். உரை காண்டலாயிற்று. செப்டெம்பர் 20 இல், ஆவணங்களின் மெய்மையை நிறுவ இயலவில்லையென அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2005 ஜனவரியில் வெளிவந்த சுயாதீனக் குழுவின் அறிக்கை, அவை போலியென அறுதியிட்டுக் கூறவில்லை. ஆயின் செவ்வனே சரிபாராது ஒளிபரப்பியமையைக் கடிந்தது.

ஆயினும், ஆவணம் வீழ்ந்ததேயன்றிப் புஷ்ஷின் படைச்சேவை பற்றிய வினா தீர்ந்திலது. ஐயத்தை எழுப்புதல் ஒன்று. உண்மையைத் தேடி நிறுவுதல் மற்றொன்று. பின்னையதற்குப் பொழுதும் பொருளும் பயணமும் வேண்டும். அவை பெரிதும் பத்திரிகை நிலையங்களுக்கே உள.

இனி, வலைப்பதிவு மெய், பத்திரிகை பொய் எனத் துணிதலும் பிழையாகும். 2011 இல் தமஸ்கஸ் நகரத்து அமினா என்னும் பெண்ணின் பெயரால் எழுதப்பட்ட வலைப்பதிவொன்று, சிரிய எழுச்சியைப் பற்றிப் பேசிப் புகழ்பெற்றது. கார்டியன் முதலிய பத்திரிகைகளும் அதனை நம்பின. அவள் கடத்தப்பட்டாள் என்ற செய்தி யூன் மாதத்திற் பரவியபோது, அவளை நேரிற் கண்டவர் உளரா எனச் சிலர் வினவினர், ஒருவரும் இலர். எழுதியவர் எடின்பரோவிற் பயின்ற அமெரிக்க ஆடவர் என்பது சில நாட்களில் வெளிப்பட்டது. அதனைத் துருவியறிந்தோருட் பத்திரிகையாளரும் வலைப்பதிவரும் ஒருங்கிருந்தனர்.

புனைபெயர் மட்டும் பொய்க்கு அடையாளமன்று. 2003 இல் பக்தாத்திலிருந்து சலாம் பக்ஸ் என்னும் புனைபெயரில் எழுதியவர் மெய்யாகவே அந்நகரத்தவர். முன்பு அவரை மொழிபெயர்ப்பாளராக அமர்த்தியிருந்த பத்திரிகையாளர் ஒருவரே அதனை உறுதிப்படுத்தினார்.

சி. பி. எஸ். நிறுவனமும் அமினாவை நம்பிய பத்திரிகைகளும் வழுவியது ஓரிடத்திலேயே. கிடைத்த செய்தி தம் எதிர்பார்ப்போடு இயைந்தமையால், ஆராய்ச்சி தளர்ந்தது. சொல்வோர் யாவராயினும் சொல்லின் மெய்ப்பொருளை நோக்குக என்பது வள்ளுவர் வகுத்த நெறி. சான்றைத் திறந்து காட்டலும் பிழையைத் திருத்தலும் எவரிடம் உளவோ, அவரே நம்பத்தக்கார். அச்சும் திரையும் அந்நம்பகத்தைத் தாமாக வழங்கா.