தொழில் தொடங்க விருப்பமா? ஒரு கேள்வித்தாள் பற்றி

திருப்பரங்குன்றத்தில் தியாகராசர் பொறியியல் கல்லூரியை 1957-ல் தொடங்கியவர் கருமுத்து தியாகராசர். பஞ்சாலை முதலாளி, 1943-ல் பாங்க் ஆஃப் மதுராவையும் நிறுவியவர். டி.வி.எஸ். வளர்ந்ததும் இதே மதுரையில்தான். இப்படிப்பட்ட ஊரிலும் "நம்ம பசங்களுக்குத் தொழில் தொடங்குற மனப்பான்மையே இல்லை" என்ற புலம்பலைக் கேட்கலாம். அதைச் சோதிக்கிறோம் என்று வருஷா வருஷம் கல்லூரிகளில் கேள்வித்தாள்களும் சுற்றுகின்றன. நான் விமர்சிக்க நினைப்பது மாணவர்களை அல்ல, அந்தக் கேள்வித்தாளை.

அதன் அடிப்படை, ஐசெக் ஐசன் 1991-ல் எழுதிய கட்டுரை. ஒரு காரியத்தைச் செய்யும் எண்ணம் மூன்றைப் பொறுத்தது என்கிறார்: அது நல்லது என்று நமக்குத் தோன்றணும், வேண்டியவங்க ஒத்துக்கணும், நம்மால முடியும் என்ற நம்பிக்கை வேணும். 2009-ல் லின்யான், சென் இருவரும் இதைத் தொழில்முனைவுக்கான கேள்வித்தாளாக்கி ஸ்பெயினிலும் தைவானிலும் சோதித்தார்கள். அதன் சாயல்தான் இங்கேயும்.

கோட்பாட்டில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் "தொழில் தொடங்க விரும்புகிறேன்" என்ற வரிக்கு எதிரே "முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்" என்று டிக் அடிக்க ஒரு பைசா செலவாகாது. ஆசிரியர் முன்னால் நின்று வாங்கும் தாளில் யார்தான் "இல்லை" என்று போடுவார்கள்?

செலவு எங்கே வருகிறது என்று பாருங்க. கல்விக்கடன் வாங்கிப் படித்தவருக்குப் பொதுவாகப் படிப்பு முடிந்து ஒரு வருஷத்தில் தவணை தொடங்கிவிடும். தமிழக அரசின் நீட்ஸ் திட்டம் முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கானது. 25% முதலீட்டு மானியம் உண்டு, நல்ல திட்டம். ஆனால் குறைந்தபட்சத் திட்ட மதிப்பே 10 லட்சம். பொதுப் பிரிவினர் கைக்காசாக 10% போடணும், அதாவது ஒரு லட்சம். அந்த ஒரு லட்சம் எங்கிருந்து வரும்? கடை படுத்துவிட்டால் தங்கச்சி கல்யாணம் என்ன ஆகும்? இந்தக் கேள்விகள் தாளில் இல்லை. "குடும்பம் ஆதரிக்குமா" என்ற ஒற்றை வரிக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது.

இன்னொரு குறை. கோயில் வாசலில் அர்ச்சனைத் தட்டுக்கடை போடும் வீட்டுப் பிள்ளைக்குக் கொள்முதல், கடன், வீணாகும் சரக்கு எல்லாம் பத்து வயசிலேயே தெரியும். தாளில் 'பெற்றோர் தொழில்' கட்டத்தில் 'சுயதொழில்' என்று ஒரு டிக்கோடு அது முடிந்துபோகும். அந்தப் பிள்ளை அரசு வேலையை விரும்புவது துணிச்சல் இல்லாததாலா, நஷ்டத்தைக் கண்ணால் பார்த்ததாலா? இரண்டும் வேறு வேறு. சராசரி மதிப்பெண் இரண்டையும் ஒன்றாக்கிவிடும்.

பயிற்சி கொடுத்தால் மனம் மாறுமே என்பீர்கள். நெதர்லாந்தில் கல்லூரி மாணவர்களைச் சின்னச் சின்ன நிறுவனங்கள் நடத்தவைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2010-ல் வந்தது. பயிற்சிக்குப் பிறகு தொழில் தொடங்கும் எண்ணம் குறைந்திருந்தது! அதே ஆண்டு வந்த மியூனிக் பல்கலைக்கழக ஆய்விலும் எண்ணம் சற்றுக் குறைந்தது. ஆனால் தங்கள் திறமை கூடியதாக மாணவர்கள் சொன்னார்கள். தனக்கு இது ஒத்து வருமா வராதா என்று தெரிந்துகொள்வதும் படிப்புதானே என்பது அந்த ஆய்வாளர்களின் வாதம்.

எனக்கு அது சரி என்றே படுகிறது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் கை தூக்கியவர்களை எண்ணி, எண்ணிக்கை கூடினால் வெற்றி, குறைந்தால் தோல்வி என்று அறிக்கை எழுதுவதில் அர்த்தமில்லை. 22 வயசில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு "இப்போ வேண்டாம், ஐந்து வருஷம் வேலை பார்த்துச் சேர்த்துட்டுத் தொடங்குறேன்" என்று சொல்பவரை இந்தத் தாள் 'ஆர்வம் குறைந்தவர்' என்று எழுதிவைக்கும். கணக்கே போடாமல் உற்சாகமாக டிக் அடித்தவருக்கு ஐந்துக்கு ஐந்து.

அடுத்த முறை கேள்வித்தாள் தயாரிப்பவர்கள் மூன்று வரி கூடுதலாகச் சேர்க்கட்டும்: உங்கள் பெயரில் கடன் எவ்வளவு? வருமானம் இல்லாமல் எத்தனை மாதம் தாங்குவீர்கள்? வேண்டாம் என்றால், ஏன்? மூன்றாவதற்கு டிக் கட்டம் வேண்டாம். நாலு வரி எழுத இடம் விடுங்கள், போதும்.