யாரிடம் சொல்வது?

பாவசங்கீர்த்தனத்தைப் பொறுத்தவரை தூத்துக்குடிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் சட்டம் ஒன்றுதான். ஆண்டுக்கு ஒருமுறையாவது குருவிடம் போக வேண்டும் என்று 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் வைத்த விதி, இன்றைய திருச்சபைச் சட்டத்தொகுப்பில் 989ஆம் எண்ணில் இருக்கிறது. சின்னக் குறிப்பிடம் என்ற ஞானோபதேசப் புத்தகம் படித்த தலைமுறைக்கு இரு கரையிலும் அதே ஐந்து காரியங்கள் மனப்பாடம்: பாவங்களை நினைத்துப் பார்ப்பது, மனஸ்தாபப்படுவது, இனிச் செய்வதில்லை என்று தீர்மானிப்பது, குருவிடம் சொல்வது, அவர் இடும் அபராதத்தைத் தீர்ப்பது. ஆனால் இந்த ஐந்திலும் சேராத ஒரு யோசனை உண்டு, எந்தக் குருவிடம் போவது என்று. ஆயத்தத்தில் பாதி அதிலேயே கழிகிறது. இரு கரைகளும் பிரிவதும் அங்கேதான்.

தவக்காலத்தின் கடைசி வாரங்களில் தூத்துக்குடி, கன்னியாகுமரிக் கடற்கரை ஊர் ஏதாவது ஒன்றின் கோயில் முற்றத்துக்குப் போய்ப் பாருங்கள். மறைவட்டத்துக் குருக்கள் எல்லாம் முறைவைத்து ஊர் ஊராக வருவார்கள். வேப்பமரத்தடியில், கெபி ஓரத்தில், மணிக்கூண்டு நிழலில் என்று ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலி. கழுத்தில் ஊதா ஸ்டோல், காதோரம் மடித்து வைத்த கை. கோயிலுக்குள் இருக்கும் பழைய பாவசங்கீர்த்தனத் தொட்டி சும்மா கிடக்கும். சில ஊர்களில் அதற்குள் ஒலிபெருக்கிப் பெட்டியும் விளக்குமாறும் குடியேறிவிட்டன. இந்த அன்பியத்தார் ஆறு மணிக்கு, அடுத்த அன்பியத்தார் ஆறரைக்கு என்று அறிவிப்பு வந்துகொண்டிருக்கும். வரிசைகள் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. காது மந்தமான வயதான சாமியாரின் முன்னால்தான் கூட்டம் அதிகம். பங்குச்சாமியாரின் நாற்காலிக்கு முன்னால் நான்கைந்து பாட்டிமார், அவ்வளவுதான். "நம்ம சாமிட்டயா சொல்லப்போற? வெளியூர்ச் சாமி அந்த ஓரத்துல இருக்காரு பாரு, வாட்டி" என்று ஒருத்தி இன்னொருத்தியை இழுத்துக்கொண்டு போவாள். பங்குச்சாமியாருக்கும் இது தெரியும். அவர் கோபித்துக்கொள்வதில்லை. நாளைக்கு அவரே இன்னொரு ஊரில் வெளியூர்ச் சாமியாக உட்காரப் போகிறவர்தான்.

இதை வெட்கம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அந்தக் கடற்கரையில் பங்குச்சாமியார் பூசை வைப்பவர் மட்டுமல்ல. ஊர்க்கமிட்டிக்குத் தலைவர், வலைத் தகராறுக்கும் சொத்துத் தகராறுக்கும் நடுவர். மீன்பாட்டில் கோயிலுக்கு எடுக்கும் பங்கின் கணக்கும் அவர் மேசைக்குத்தான் வரும். வெள்ளிக்கிழமை உன் வழக்கைத் தீர்க்கப் போகிறவரிடம் புதன்கிழமை போய் உன் களவைச் சொல்வாயா? திருச்சபைச் சட்டம் இதற்கு இடம் வைத்திருக்கிறது. பாவசங்கீர்த்தனத்தில் அறிந்ததை நிர்வாகத்தில் எந்த வகையிலும் பயன்படுத்தக் கூடாது என்று 984ஆம் விதி சொல்கிறது. சனங்கள் விதியை நம்பவில்லை என்றில்லை. சாமியாரின் முகத்தைத் தினமும் பார்க்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் அவர்கள் கவலை. ஆகவே பெரிய பாவம் வேளாங்கண்ணிக்குப் போகும். பல ஊர்க் குருக்கள், பல மொழிகள், யாரென்று யாரும் கேட்காத கூட்டம். கேரளத்தில் முரிங்ஙூர் தியான இல்லத்துக்குப் போகும் தமிழர்களுக்கும் அந்த வசதி பிடித்திருக்கிறது. அங்கே வாரம் முழுக்க நடக்கும் பிரசங்கமே பாவசங்கீர்த்தனத்துக்கான ஆயத்தம்தான். வந்தவர்களில் பலர் தாளில் எழுதிக் கையில் மடித்து வைத்திருப்பார்கள்.

இலங்கையின் வடக்கில் பங்குத்தந்தைக்கு இந்த ஊர்த்தலைவர் வேடம் அவ்வளவாக இல்லை. கடல் விவகாரங்களைக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் பார்க்கின்றன. அதனால் அங்கே பங்குச்சாமியாரிடமே போகிறவர்கள் கூடுதல் என்பது நான் கவனித்தது. தவக்காலத்தில் மறைக்கோட்டத்துக் குருக்கள் கூடிவந்து கேட்பதும் உண்டுதான். ஆனால் விடியற்பூசைக்கு முன்னால் வாங்கில் நாலு பேர் காத்திருப்பதும், மாத முதல் வெள்ளியில் படுக்கையில் கிடப்பவர்களின் வீட்டுக்குச் சுவாமி நற்கருணையோடு போய் அங்கேயே பாவசங்கீர்த்தனம் கேட்பதும் வருடம் முழுக்க நடக்கிற காரியங்கள். 1847இல் வந்த அமலமரித் தியாகிகள் சபைக் குருக்கள் போட்ட பாதை இது என்பது என் கணிப்பு. ஊரில் தங்கி நாள்கணக்கில் பிரசங்கம் செய்து, கடைசியில் ஊரையே பாவசங்கீர்த்தனத்துக்குக் கொண்டுவருவது அந்தச் சபை பிரான்சில் தொடங்கிய நாளிலிருந்து செய்துவந்த வேலை. அறியாத காது வேண்டும் என்றால் வடக்குக்கும் ஓர் இடம் இருக்கிறது. ஆவணித் திருவிழாவுக்கு மடுவில் கூடாரமடித்துத் தங்குகிறவர்களில் தமிழரும் சிங்களவரும் இருப்பதால் குருக்களும் பல மறைமாவட்டங்களிலிருந்து வருகிறார்கள்.

போர் இந்த உறவில் வேறொன்றைச் சேர்த்துவிட்டது. இடம்பெயர்ந்தபோது சனங்களோடு நடந்தவர், காணாமல் போனவர்களின் பெயர்களை எழுதியவர், முகாம் வாசலில் பேசப் போனவர் எல்லாம் அதே சுவாமிதான். மன்னார் ஆயர் இராயப்பு யோசப் 2011இல் நல்லிணக்க ஆணைக்குழு முன்னால் 1,46,679 பேருக்குக் கணக்குக் காட்டப்படவில்லை என்று சொன்னது உலகறிந்த செய்தி. இப்படிப்பட்ட குருக்களிடம் போய் மண்டியிடுகிறவர்கள் பாவத்தை மட்டும் கொண்டுபோவதில்லை. மன்னார்ப் பக்கத்து அம்மா ஒருவர் சொன்னார்: "சுவாமியிட்ட நான் கேட்டனான், மகனைக் கைவிட்டிட்டு ஓடி வந்தது பாவமோ எண்டு. அவர் ஒண்டும் சொல்லேல்ல, கனநேரம் அழவிட்டார்." (ரகசியம் காக்கும் கடமை குருவுக்குத்தான், தன் கதையைச் சொல்ல அந்த அம்மாவுக்குத் தடையில்லை.) ஆத்தும சோதனைக் கையேடுகளில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. பாவமா துயரமா என்று பிரித்துச் சொல்லும் வேலையை இலங்கைக் குரு தொட்டிக்குள் இருந்தபடியே செய்ய வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் அந்த வேலையின் பெரும்பகுதியைத் தியான இல்லங்களின் ஆற்றுப்படுத்துநர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

இந்த வேறுபாடு போரோடு தொடங்கியதில்லை. தொடக்கத்தில் இரு கரைக்கும் புத்தகம்கூட ஒன்றுதான். அண்டிரிக் அடிகளார் 1578இல் தம்பிரான் வணக்கம் அச்சிட்ட இரண்டு ஆண்டில், 1580இல், கொச்சியில் ஒரு பாவசங்கீர்த்தனக் கையேட்டைத் தமிழில் அச்சாக்கினார். தமிழில் அச்சேறிய முதல் சில நூல்களில் ஒன்று அது. முத்துக்குளித்துறையிலும் மன்னாரிலும் பணிசெய்தவர் அவர்.

1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்குப் போனதும் வழி பிரிந்தது. கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை. குருவுக்கு வீட்டில் இடம் கொடுத்தவருக்கும் தண்டனை. 1687இல் கோவாவிலிருந்து யோசப் வாஸ் கூலியாள் வேடத்தில் வந்து சேர்ந்தபோது அங்கே பாவசங்கீர்த்தனம் கேட்க ஆளில்லாமல் ஒரு தலைமுறை கழிந்திருந்தது. சில்லாலையில் தங்கி இரவில் வீடு வீடாகப் போய்க் கேட்டார். குரு இல்லாத காலத்தில் மூப்பர்தான் சனங்களைக் கூட்டிச் செபம் சொல்லிக்கொடுத்தார். பாவசங்கீர்த்தனம் கேட்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. வாய்ப்புக் கிடைக்கும்போது குருவிடம் சொல்வேன் என்ற கருத்தோடு உத்தம மனஸ்தாபப்பட்டால் கடவுள் மன்னிப்பார் என்ற போதனைதான் கைக்கு எட்டிய ஒரே வழி.

அதே காலத்தில் மதுரை மிஷனில் குருக்கள் இருந்தார்கள்; கேள்வி வேறு. எந்தக் குரு யார் வீட்டுக்குள் நுழையலாம்? தத்துவ போதகர் என்ற தே நோபிலி 1606இல் மதுரைக்கு வந்து வகுத்த வழியில், பிராமண சந்நியாசி வேடத்தில் இருந்தவர் ஒடுக்கப்பட்ட சாதியாரை நெருங்க முடியாது. பிறகு அவர்களோடும் பழகக்கூடிய பண்டாரசாமிக் குருக்கள் வந்தார்கள். அப்போதும் சாகக் கிடக்கும் பறையர் வீட்டுக்குள் போய் அருட்சாதனம் கொடுக்கலாமா என்ற தயக்கம் தீரவில்லை. போப்பின் தூதர் தூர்னோன் 1704இல் புதுச்சேரியில் வெளியிட்ட ஆணை இதைக் கண்டித்தது. நோயுற்ற பறையரை அவர்கள் வீட்டிலேயே போய்ப் பார்க்க வேண்டும் என்றது. மாதவிலக்கு நாளில் பெண்களைப் பாவசங்கீர்த்தனத்திலிருந்து விலக்குவதையும் தடுத்தது. அந்த ஆணையை நடைமுறைப்படுத்தப் பல பத்தாண்டுகள் சண்டை நடந்தது. தீவில் குரு கிடைப்பாரா என்ற தவிப்பு, நிலத்தில் கிடைத்த குரு வாசல்படி தாண்டுவாரா என்ற தவிப்பு. தமிழ்நாட்டில் இன்றைக்கும் ஒரு சாதிக் கல்லறைக்கும் இன்னொரு சாதிக் கல்லறைக்கும் நடுவே சுவர் நிற்கும் பங்குகளில், வெளியூர்ச் சாமியைத் தேடுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம் என்று எனக்குப் படுகிறது: உள்ளூர்ச் சாமி எந்த ஆள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

பிள்ளைகளின் ஆயத்தத்துக்கு வருவோம். தெற்குத் தமிழ்நாட்டில் புதுநன்மை, இலங்கையில் முதல் நன்மை. இரண்டுக்கும் முன்னால் முதல் பாவசங்கீர்த்தனம். "பொய் சொன்னேன், அம்மா பேச்சு கேக்கல, தம்பிய அடிச்சேன்" என்று இங்கே. "பொய் சொன்னனான், அம்மாட சொல்லுக் கேக்கேல்ல, தம்பிக்கு அடிச்சனான்" என்று அங்கே. மூன்று அருள்நிறை மரியேயோடு இரண்டு பேரும் வெளியே வந்துவிடுவார்கள். வேறுபாடு பள்ளிக்கூடத்தில். இலங்கையில் சமயம் ஒரு கட்டாயப் பாடம். கத்தோலிக்கப் பிள்ளைக்கு அரசாங்கமே பாடப்புத்தகம் அச்சிட்டுக் கொடுக்கிறது, க.பொ.த. சாதாரண தரத்தில் பரீட்சையும் வைக்கிறது. ஒப்புரவு அருட்சாதனத்தைப் படித்துப் புள்ளி வாங்கிய பிள்ளைகள் அவர்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு ஞாயிறு மறைக்கல்வியும் கன்னியர் நடத்தும் பள்ளியென்றால் ஒரு பீரியடும்தான். எது நல்லது? புள்ளிக்காகப் படித்தது மனப்பாடமாக நிற்கிறது; பதினெட்டு வயதுக்கு மேல் தொட்டிப் பக்கம் வராத இளைஞர்கள் இரு கரையிலும் இருக்கிறார்கள்.

மொழித் தொல்லை இலங்கைக்கே உரியது. மலையகத்துத் தோட்டக் கோயில்களில் சுவாமி எப்போதாவது வருகிற நாளில் பூசைக்கு முன் கிடைக்கும் சிறிய நேரம்தான் பாவசங்கீர்த்தனத்துக்கு. தேர்ந்தெடுக்க ஆளே இல்லை. அந்த ஒருவரும் சிங்களவராக, தமிழ் தட்டுத்தடுமாறிப் பேசுகிறவராக இருந்தால் லயத்து அம்மா என்ன செய்வார்? மொழிபெயர்ப்பாளர் வழியாகவும் சொல்லலாம் என்கிறது 990ஆம் விதி. அவருக்கும் ரகசியக் கடமை உண்டு. ஆனால் அயல்வீட்டுக்காரியை நடுவில் நிறுத்திப் பாவம் சொல்லும் துணிச்சல் யாருக்கு வரும்?

நாட்டுச் சட்டம் என்று பார்த்தால் இரண்டும் உடன்பிறப்புகள். இலங்கையின் 1895ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டம், ஸ்டீபன் எழுதிய 1872 இந்தியச் சாட்சியச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது. வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொன்னதற்குப் பாதுகாப்பு உண்டு, கணவன் மனைவி பேச்சுக்கு உண்டு, குருவிடம் சொன்னதற்கு இரண்டிலும் இல்லை. 2024 ஜூலை முதல் இந்தியாவில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமும் அதைச் சேர்க்கவில்லை. போதாக்குறைக்கு, 2012இன் போக்சோ சட்டம் குழந்தைகள் மீதான பாலியல் குற்றத்தை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. குருவுக்கு விலக்கு இல்லை. ரகசியத்தை உடைக்கும் குருவோ அந்தக் கணமே சபைநீக்கத்துக்கு உள்ளாகிறார். இந்த முரணை இந்தியத் திருச்சபை வெளிப்படையாகப் பேசிப் பழக வேண்டும் என்று நினைக்கிறேன். 2018இல் கேரளத்தில் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதை வைத்து ஒரு பெண்ணை மிரட்டியதாக ஆர்த்தடாக்ஸ் குருக்கள் சிலர்மீது குற்றச்சாட்டு எழுந்தது. தேசிய மகளிர் ஆணையத் தலைவர் பாவசங்கீர்த்தனத்தையே தடைசெய்யப் பரிந்துரைத்தார். ஆயர்கள் அதை எதிர்த்தார்கள். தடை அபத்தம்தான். ஆனால் அந்த ஆண்டில் வெளியூர்ச் சாமியைத் தேடிய பெண்களை யாரும் குறைசொல்ல முடியாது.

இரு கரைச் சனங்களும் ஒரே தவக்காலத்தில் சந்திக்கும் இடம் கச்சத்தீவு. அந்தோனியார் திருவிழாவை யாழ்ப்பாண மறைமாவட்டம் நடத்துகிறது. ராமேஸ்வரத்திலிருந்து படகுகளில் வருவார்கள். மாலையில் கொடியேற்றம், சிலுவைப்பாதை, மறுநாள் காலை பூசை. இலங்கையில் கைதான மீனவர்களுக்காக 2024இல் ராமேஸ்வரத்தார் போகாமல் இருந்தார்கள். சிறையில் இருப்பவர்களின் வீட்டுக் கஷ்டம் உண்மை. விசைப்படகுகள் எல்லை தாண்டி வந்து அறுத்துவிட்டுப் போகும் வலைகளின் சொந்தக்காரர்களும் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கத்தோலிக்கர்கள்தான். இலங்கை 2017இல் இழுவைமடித் தொழிலையே சட்டப்படி தடைசெய்தது. ஏழாம் கட்டளையில் களவுக்குத் திருச்சபை வைத்திருக்கும் நிபந்தனை கறாரானது. மனஸ்தாபப்பட்டால் போதாது, எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கெடுத்ததற்கு ஈடு செய்ய வேண்டும். தங்கச்சிமடத்துச் சாமியாரோ பேசாலைச் சுவாமியோ, அடுத்தவன் வலையை அறுத்தேன் என்று ஒருவர் வந்து சொன்னால் மூன்று அருள்நிறை மரியேயோடு அனுப்ப முடியாது. வலைக்காரனின் பெயரைக் கேட்க வேண்டும். விசைப்படகுக்காரர் சொல்வார்: "இருட்டுல யாரு வலைன்னு யாருக்கு தெரியும் சாமி?"