பணிய வைத்த சீடியா

மிட்சுபிஷி சீடியாவை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் சிரிக்கிற ஆட்கள் உண்டு. நான்கு கதவு, பெரிய டிக்கி, குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போய்வரத் தோதான பின்சீட்டு. இதில் ஸ்போர்ட்ஸ் எங்கே இருக்கிறது என்பார்கள். அடியில் இருக்கிறது. 2001-இல் ஜப்பானில் வந்த லான்சர் எவல்யூஷன் 7, இந்தச் சீடியாவின் கூட்டை எடுத்து வலுவேற்றிக் கட்டியதுதான். அதற்கு முந்தைய எவல்யூஷன் கார்களில்தான் டோமி மாக்கினென் 1996 முதல் 1999 வரை வரிசையாக நான்கு முறை உலக ராலி சாம்பியன் ஆனார். நமக்கு எவல்யூஷனின் டர்போ எஞ்சின் வரவில்லை. 2006-இல் இங்கே வந்தது 115 குதிரைத்திறன் தரும் இரண்டு லிட்டர் சாதா பெட்ரோல் எஞ்சின். ஆனால் முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், பின்னால் மல்டி-லிங்க் என்ற சஸ்பென்ஷன் அடிப்படை மட்டும் மாறாமல் வந்துவிட்டது. அப்போது நம் சாலைகளில் ஓடிய செடான்கள் பலவற்றில் பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் ஒரே தண்டு இணைத்திருக்கும். சீடியாவில் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாகக் குழியில் இறங்கி ஏறும். எம்ஆர்எஃப் அணி தேசிய ராலி சாம்பியன்ஷிப்பில் இந்தக் காரை ஓட்டியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

போதாததற்கு இது தமிழ்நாட்டுக் கார். திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 1998 முதல் லான்சர், பிறகு சீடியா என்று கட்டினார்கள். இப்போது அங்கே சித்ரோன் கார்கள் தயாராகின்றன.

நான் ஓட்டிப் பார்த்த சீடியா, காங்கேயத்தில் தேங்காய்க் களம் நடத்தும் நண்பனுடையது. லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய வண்டி. எஞ்சினில் ஏர் ஃபில்டர், எக்ஸாஸ்ட் தவிரப் பெரிதாகக் கை வைக்கவில்லை. சஸ்பென்ஷனில்தான் பணத்தை இறைத்திருக்கிறான். நான்கு சக்கரத்துக்கும் தைவானில் செய்த கோய்லோவர். ஷாக் அப்சார்பரின் உடம்பிலேயே மரை வெட்டியிருக்கும். வளையத்தைத் திருகினால் காரின் உயரம் கூடும், குறையும். உச்சியில் உள்ள குமிழைத் திருகினால் ஷாக்கின் விறைப்பு மாறும். இறக்குமதி வரி, மாட்டுக்கூலி எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்கு மேல் போயிற்று என்றான். வீட்டில் சொன்ன தொகை வேறு.

மாட்டியதும் அவன் செய்தது எல்லோரும் செய்வதைத்தான். பணிய வைத்தான். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையாது. போட்டோவுக்கு அத்தனை அழகு. அந்த நிலையிலேயே கரூர் ரோட்டில் வெள்ளகோவில் வரை ஓட்டினேன். ஸ்டியரிங்கைத் திருப்பிய முதல் கணம் கார் சட்டென்று கேட்கிறது. அடுத்த கணமே பழைய ஷாக்கில் சாய்ந்ததைவிட அதிகமாகச் சாய்கிற மாதிரி இருக்கிறது. வளைவின் நடுவே ஒரு ஒட்டுத்தார் வந்தால் ஸ்டியரிங் கையில் தானாகத் திரும்புகிறது. ஸ்பிரிங் விறைப்பானது, கார் தாழ்ந்து நிற்கிறது. பிறகு ஏன் சாய வேண்டும்?

ஸ்ட்ரட் வைத்த கார்களின் சூட்சுமம் இது. கீழே லோயர் ஆர்ம் என்ற கை, உள்பக்கம் சற்று மேலாகவும் சக்கரப் பக்கம் சற்றுத் தாழ்ந்தும் இருக்கும்படி ஆலையில் அமைக்கிறார்கள். கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறது என்பதை அந்தக் கையின் கோணம்தான் தீர்மானிக்கிறது. காரை இறக்க இறக்கக் கை படுத்து, பிறகு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்துவிடும். காரின் எடை மையம் நான்கு செ.மீ. இறங்கினால் அந்தச் சுழல்புள்ளி அதைவிட அதிகமாக இறங்கிப்போகும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி கூடுகிறது, அதனால் சாய்கிற நெம்புவிசையும் கூடுகிறது. விறைப்பான ஸ்பிரிங் வாங்கிக் கொடுத்த பலனை இந்தக் கோணம் தின்றுவிடுகிறது. ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணமும் கூடவே கெடுவதால், சக்கரம் மேலே ஏறும்போதெல்லாம் கொஞ்சம் திரும்பவும் செய்கிறது. ஒட்டுத்தாரில் ஸ்டியரிங் துள்ளியது அதனால்தான். பந்தய அணிகள் இதற்கென்று நீண்ட பால் ஜாயின்ட் போட்டுக் கோணத்தைத் திருத்துவார்கள். நம் ஆட்கள் வளையத்தை மட்டும் திருகிவிட்டுப் போய்விடுவார்கள்.

அடுத்தது வேகத்தடை. இந்திய சாலைப் பேரவையின் அளவுப்படி ஒரு வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரம் கொண்ட மெல்லிய வளைவாக இருக்க வேண்டும், 25 கி.மீ. வேகத்தில் ஏறி இறங்கலாம். சீடியாவின் இரண்டு அச்சுகளுக்கும் இடையே 2.6 மீட்டர். கணக்குப் போட்டால் அந்த அளவான மேட்டில் காரின் வயிற்றை நோக்கி எழும்புவது ஏறக்குறைய 5 செ.மீ.தான். தாழ்ந்த காரும் தப்பிவிடும். ஆனால் கிராமத்துக்குள் நுழைந்ததும் ஊர்க்காரர்களே தாரைக் குவித்துப் போட்ட மேடு ஒரு எட்டு அகலம்கூட இராது. முன்சக்கரம் இறங்கிய பிறகு பின்சக்கரம் ஏறும் முன் அந்த மேடு முழுசாக வயிற்றுக்கடியில் நிற்கிறது. அதன் உயரம் எவ்வளவோ அவ்வளவும் அடிவயிற்றுக்குத்தான். எக்ஸாஸ்ட் குழாயில் ஏற்கெனவே நசுங்கல் இருந்தது.

திருப்பூர் ரோட்டில் உள்ள பட்டறைக்குக் கொண்டு போனோம். மெக்கானிக் அண்ணன் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். “ஏனுங் தம்பி, இது ஓட்டறதுக்குங்களா, படுக்க வெக்கறதுக்குங்களா?” நண்பன் என் முகத்தைப் பார்த்தான். “ஓட்டத்தானுங்கண்ணா.” “அப்பப் பாதியாச்சும் ஏத்தீரலாமுங்க.”

லிஃப்டில் ஏற்றியபோது வேறொன்றும் தெரிந்தது. கோய்லோவர் பளபளவென்று புதுசு. அதைத் தாங்கும் லோயர் ஆர்ம் புஷ்ஷெல்லாம் ஆலையில் போட்டது. கடப்பாரையை இடுக்கில் வைத்து நெம்பினால் ரப்பர் வாயைப் பிளக்கிறது. இந்த நிலையில் ஷாக்கை எவ்வளவு துல்லியமாக வைத்து என்ன, சக்கரம் தன் இஷ்டத்துக்குத்தான் நிற்கும். எல்லாவற்றுக்கும் பாலியூரித்தேன் புஷ் போட்டுவிடலாம் என்று நண்பன் குதித்தான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மல்டி-லிங்க்கின் சில கைகள் ஏறி இறங்கும்போது கொஞ்சம் முறுக்கிக்கொள்ளவும் வேண்டும். ரப்பர் அதற்கு இடம் கொடுக்கும், பாலியூரித்தேன் பிடித்துக்கொள்ளும். கிரீஸ் காய்ந்தால் கீச்சிடவும் செய்யும். கடைசியில் ஆன்டி-ரோல் பாருக்கு மட்டும் பாலியூரித்தேன், மற்ற இடங்களுக்கெல்லாம் புது ரப்பர் என்று முடிவாயிற்று. கோய்லோவரின் விலைக்கு முன் இதற்கான செலவு ஒன்றுமே இல்லை. பழைய காரை வைத்துக்கொண்டு ஷாக் பட்டியலைப் புரட்டுகிறவர்கள் முதலில் புஷ்ஷைப் பார்க்க வேண்டும் என்று அடித்துச் சொல்வேன்.

உயரத்தை ஆலை அளவிலிருந்து இரண்டு செ.மீ. குறைவாக நிறுத்தினோம். லோயர் ஆர்ம் ஏறக்குறையப் பழைய கோணத்துக்கு வந்துவிட்டது. அலைன்மென்ட்டைக் களத்திலேயே பார்த்தோம். கொப்பரையை ஒரு பக்கமாக வாரி ஒதுக்கிவிட்டு, காரின் இரண்டு பக்கமும் நூல் கட்டி, ஒவ்வொரு ரிம்மின் முன் விளிம்பிலிருந்தும் பின் விளிம்பிலிருந்தும் நூலுக்கு உள்ள தூரத்தை இரும்பு ஸ்கேலால் அளப்பது. மழைத்தண்ணீர் வடிவதற்காகச் சிமெண்ட் களத்துக்கு வாட்டம் விட்டிருப்பார்கள். அதனால் அங்கே உயரம் அளந்தால் பொய்யாகும், சக்கரத்தின் டோவை, அதாவது அது உள்ளே பார்க்கிறதா வெளியே பார்க்கிறதா என்பதை, அளக்கத் தடையில்லை. பின்சக்கரங்களில் ஒன்று உள்ளே பார்த்தது, மற்றது வெளியே பார்த்தது. நேர்ரோட்டில் ஸ்டியரிங்கை ஒருபக்கம் பிடித்தே ஓட்ட வேண்டியிருந்த காரணம் விளங்கிற்று. பிறகு கடைக் கணினியில் சரிபார்த்து, முன்னால் ஒன்றரை டிகிரி, பின்னால் ஒரு டிகிரி நெகட்டிவ் கேம்பர், அதாவது சக்கரத்தின் தலை உள்பக்கம் சாயும் கோணம், வைத்தோம். டயரின் உள்விளிம்பு சீக்கிரம் தேயாத வரம்பு அது.

இப்போது கார் எப்படி இருக்கிறது? தாராபுரம் ரோட்டில் ஊதியூர் தாண்டினால் இரண்டு பக்கமும் கிளுவை வேலி கட்டிய கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம், அதற்கப்பால் காற்றாலைகள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று இங்கே சாலைக்குக் குறுக்காக அடிக்கும். வேலி முடிந்து வெட்டவெளி வரும் இடத்தில் எந்தக் காரும் ஒரு முழம் ஒதுங்கும். முன்பு இந்தக் கார் ஒதுங்கிவிட்டு, திருத்தினால் மறுபக்கம் தாண்டிப் போய் ஆடிக்கொண்டிருந்தது. இப்போதும் காற்று தள்ளுகிறது. ஆனால் ஒரே தள்ளு, ஒரே திருத்தம், அதோடு நின்றுவிடுகிறது. இந்தச் சிகிச்சையில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

ஷாக்கின் குமிழில் ஒரு பாடம் கிடைத்தது. சாலை மோசமாக இருந்த இடத்தில் கார் மிக முரடாக இருந்ததால், ஸ்பிரிங்கே கூடுதல் விறைப்போ என்று முதலில் நினைக்கத் தோன்றும். நடந்தது வேறு. குமிழை நண்பன் கடைசிவரை இறுக்கி வைத்திருந்தான். இந்த மாதிரிக் குமிழ்கள் பெரும்பாலும் ஷாக் நீள்வதைத்தான் தடுக்கின்றன. ஒரு குழியில் அமுங்கிய ஸ்பிரிங் முழுக்க நீள்வதற்குள் அடுத்த குழி வந்துவிடுகிறது. அதற்கடுத்த குழியில் இன்னும் அமுங்குகிறது. இப்படியே கார் கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்து கடைசியில் பம்ப் ஸ்டாப் ரப்பரின்மேல் உட்கார்ந்துகொள்கிறது. நாம் உணர்ந்த முரட்டுத்தனம் அந்த ரப்பருடையது. குமிழைப் பாதிக்கும் கீழே தளர்த்தியதும் அதே சாலையில் சக்கரம் குழிகளைத் தொட்டுத் தொட்டுப் போயிற்று. விறைப்பு கூடினால் பிடிப்பு கூடும் என்ற நம்பிக்கை வழவழப்பான பந்தயத் திடலுக்கு ஓரளவு பொருந்தும். நம் சாலையில் டயர் தரையில் இருக்க வேண்டுமானால் ஷாக் விட்டுக்கொடுக்க வேண்டும்.

காங்கேயத்தை அடுத்த சிவன்மலைக் கோயில் பாதை குட்டிப் பாதை, பக்தர்கள் நடமாடுவது. அங்கே வேகம் காட்ட நமக்கென்ன வேலை. மெதுவாக ஏறும்போதே திருப்பங்களில் காரின் மூக்கு எங்கே போகிறது என்று கைக்குத் தெரிகிறது, அது போதும். உண்மையான சோதனைக்குப் பல்லடம் வழியாகச் செட்டிபாளையம் போய்விட வேண்டும். அங்கே உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே, மாருதி எஞ்சின் வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கிய கோவைக்காரர் கரிவர்தனின் பெயரில் அமைந்தது. முன்சக்கரம் இழுக்கும் கார்களின் நோய் சீடியாவுக்கும் உண்டு: வளைவில் வேகம் கூடினால் மூக்கு வெளியே போகும். அங்கே ஓட்டியபோது பின் ஷாக்குகளை மட்டும் கொஞ்சம் இறுக்கினோம். பின்பக்கம் எடைமாற்றத்தைச் சீக்கிரம் வாங்கிக்கொண்டதும் மூக்கு உள்ளே வந்தது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வால் லேசாகச் சுழன்று கோட்டைத் திருத்துகிறது. இந்தக் காருக்குள் ஒரு ராலிக் கார் இருந்ததை அப்போதுதான் நம்பினேன். வீட்டுக்குக் கிளம்பும் முன் குமிழ்களைப் பழைய இடத்துக்கே திருப்பிவிட வேண்டும், ஈரச்சாலையில் அந்த வால் வேண்டாம்.

குறைகளும் இருக்கின்றன. கோய்லோவரின் உச்சியில் ரப்பருக்குப் பதிலாக உலோகப் பந்து மூட்டு. சின்னக் கல்லில் ஏறினாலும் ‘டக்’ என்று காபினுக்குள் கேட்கிறது. நண்பனின் அம்மா இந்தக் காரில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டார். இந்த ஊர்ப் புழுதி மரைக்குள் புகுந்து, ஒரு மழை பெய்தால் வளையம் இறுகிப்போகும். ஷாக்கைச் சுற்றித் துணியுறை போட்டு, அவ்வப்போது கழுவி எண்ணெய் விட வேண்டும். இதையெல்லாம் செய்ய அலுப்புப்படுகிறவர், நல்ல கம்பெனியின் சாதாரண ஷாக்கும் ஆலை ஸ்பிரிங்கும் புது புஷ்ஷும் போட்டுக்கொண்டால், இந்தச் சுகத்தில் முக்கால்வாசி கிடைத்துவிடும். செலவும் பல மடங்கு குறையும்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே வலியுறுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். தரையைத் தடவிக்கொண்டு போகும் காரைத்தான் முதலில் ஓரங்கட்டுவார்கள். இன்சூரன்ஸ்காரரிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுவதும் நல்லது.

நண்பன் அடுத்ததாக 17 அங்குல அலாய் பார்த்து வைத்திருக்கிறான். இப்போதுள்ள 15 அங்குலச் சக்கரத்தில் டயரின் பக்கச்சுவர்தான் நம் குழிகளுக்கு முதல் ஷாக் அப்சார்பர். அதைக் குறைத்தால் ரிம் வளையும், குமிழில் நாங்கள் பார்த்த வேலையும் வீணாகும். “மாப்ள, அந்தக் காசுக்கு பிரேக் பேடும் புது டாட் 4 ஆயிலும் போடு” என்றேன். செட்டிபாளையத்தில் சில சுற்றுகளுக்குள்ளேயே பிரேக் மிதி ஆழமாகப் போகத் தொடங்கியிருந்தது.