முன்னும் பின்னும்: மாலைமாற்றிலிருந்து மல்லாரி வரை

முதலிலிருந்து படித்தாலும் முடிவிலிருந்து படித்தாலும் மாறாத அமைப்பைத் தமிழ் எழுத்திலேயே கண்டது. மூன்றாம் திருமுறையில் உள்ள திருமாலைமாற்றுப் பதிகத்தின் பதினொரு பாடல்களும் இறுதி எழுத்திலிருந்து திருப்பினாலும் அதே பாடலாக நிற்பவை. அதைப் பாடியவர் திருஞானசம்பந்தர்.

எழுத்து திரும்புவதுபோல் இசை எளிதில் திரும்புவதில்லை. மேலைநாட்டு இசையமைப்பாளர் பாக் 1747இல் வெளியிட்ட 'இசைக் காணிக்கை'யில், ஒரே மெட்டை ஒருவர் தொடக்கத்திலிருந்தும் மற்றவர் முடிவிலிருந்தும் ஒரே வேளையில் வாசிக்கும் 'நண்டு கானன்' உண்டு. கானன் என்பது ஒரு குரலின் மெட்டை மற்றொரு குரல் விதிப்படி பின்தொடரும் அமைப்பு. கருநாடக இசையிலோ சுரத்தின் அசைவாகிய கமகம் ஏறும்போது ஒரு விதமாகவும் இறங்கும்போது வேறு விதமாகவும் அமைவதால், மெட்டை அப்படியே திருப்பினால் சுரங்கள் எஞ்சும், இராகம் எஞ்சாது. எனினும் அளவில் சமநிலை உண்டு: தொடக்கப் பாடத்துக்குரிய மாயாமாளவகௌளையின் இடைவெளிகளை அரைச்சுரங்களாக எண்ணினால் 1, 3, 1, 2, 1, 3, 1 என வரும், மேல் சட்சத்திலிருந்து இறங்கி எண்ணினாலும் அதுவே. சங்கராபரணத்தின் இடைவெளிகளை இவ்வாறு திருப்பினால் தோடியின் இடைவெளிகள் கிடைப்பது இன்னும் வியப்புக்குரியது.

நம் மரபு தன் முழுத் திறமையையும் காட்டியது சுரத்தைத் திருப்புவதில் அன்று, காலத்தை, அதாவது வேகத்தை, மாற்றுவதில்தான். தாளத்தை மாற்றாமல் பல்லவியை ஒன்று, இரண்டு, நான்கு மடங்கு வேகத்தில் பாடுவது அனுலோமம். பல்லவியை நிலையாக வைத்துத் தாளத்தின் வேகத்தை மாற்றுவது பிரதிலோமம் என்பர் ஒரு சாரார். பல்லவியையே கீழ்க்காலத்துக்கு இறக்குவதைப் பிரதிலோமம் எனக் கொள்ளும் ஆசிரியர் மரபும் உண்டு. பெயர் எதுவாயினும் உரைகல் ஒன்றே: சொற்கள் சிதையாமல், பல்லவியின் இரு பகுதிகளுக்கும் நடுவிலுள்ள நிறுத்தமாகிய அருதி குலையாமல், பாடகர் பல்லவி தொடங்கும் இடமாகிய எடுப்புக்கு வந்து சேர வேண்டும். வேகம் மட்டும் இருந்து அருதி பிசகினால் அது கணக்கே அன்றிப் பல்லவி ஆகாது.

இக்கணக்கு மேடைக்கு மட்டும் உரியதன்று. சுவாமி புறப்பாட்டில் கம்பீர நாட்டை இராகத்தில் ஒலிக்கும் மல்லாரியை மூன்று காலங்களில் வாசிப்பது நாகசுரத்தாரின் மரபு. தவிலின் துணையோடு தெருவில் நடந்தபடியே அதை நிறைவேற்றுவது கச்சேரிப் பல்லவிக்குச் சற்றும் குறைந்த வித்தையன்று. புதுச்சேரிப் பகுதியிலுள்ள வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயிலின் வைகாசிப் பெருவிழாவிலும் பாகூர் மூலநாதர் கோயில் விழாக்களிலும் மல்லாரியைச் சுருக்காமல் மூன்று காலமும் வாசிக்கக் கோயிலார் நேரம் ஒதுக்க வேண்டும். அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூட மாணவர்கள் உடன் நடந்து, கையால் தாளம் போட்டு அதைக் கேட்க வேண்டும்.