பழைய பாப்காட்டுக்கு எந்த ஆயில்?

பாப்காட் 743 லோடரின் ஹைட்ராலிக் டேங்கில் இன்ஜின் ஆயிலை ஊற்றலாம் என்கிறது அதன் கையேடு. முதல்முறை படிப்பவர்கள் அச்சுப்பிழை என்றே நினைப்பார்கள். பிழை இல்லை. நிறுவனத்தின் சொந்த ஆயில் கிடைக்காவிட்டால் 10டபிள்யூ-30 அல்லது 10டபிள்யூ-40 மோட்டார் ஆயில், எஸ்இ தரம் என்று தெளிவாகவே போட்டிருக்கிறார்கள். ஆனால் எஸ்இ என்பது 1970-களின் பெட்ரோல் கார்களுக்கு வகுத்த தரம். அது எப்போதோ வழக்கொழிந்துவிட்டது. அதற்கு ஈடாக இன்று எதை வாங்குவது? அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், நண்பரின் மாட்டுப் பண்ணையில் சாணம் அள்ளும் 743 ஒன்றில் மூன்று வகை ஆயிலை மாற்றி மாற்றி ஊற்றி ஓட்டிப் பார்த்தேன்.

இந்த வகை வண்டிக்கு மின்னசோட்டாதான் தாய்வீடு. ரோத்சே என்ற ஊரில் கெல்லர் சகோதரர்கள் 1957-இல் ஒரு வான்கோழிப் பண்ணையாளருக்காகச் செய்து கொடுத்த சிறு லோடரிலிருந்து வளர்ந்ததுதான் பாப்காட். கொட்டகைத் தூண்களுக்கு இடையே புகுந்து, நின்ற இடத்திலேயே திரும்ப வேண்டும் என்பதுதான் அன்றைய தேவை. அந்தத் திருப்பலை இன்று ஹைட்ராலிக் ஆயில்தான் செய்கிறது. கியர் மாற்றும் வேலையே கிடையாது. இடப்பக்கச் சக்கரங்களுக்கு ஒரு பம்பும் மோட்டாரும், வலப்பக்கத்துக்கு இன்னொரு ஜோடி. பூம் எனும் தூக்கும் கையையும் பக்கெட்டையும் தூக்கத் தனியாக ஒரு கியர் பம்ப். எல்லாவற்றுக்கும் ஒரே டேங்க். ஆயில் சரியில்லை என்றால் தூக்குவதோடு ஓடுவதும் சேர்ந்து படுத்துவிடும்.

முதலில் ஊற்றியது ஐஎஸ்ஓ விஜி 46 ஹைட்ராலிக் ஆயில். விலை குறைவு, எங்கும் கிடைக்கும். காலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வண்டி நன்றாகச் சூடேறிய பிறகுதான் வேறுபாடு தெரிந்தது. பக்கெட் நிறையச் சாணத்தோடு சரிவில் ஏறும்போது லீவரை முழுக்கத் தள்ளியும் வண்டி தயங்கியது. பூமும் சுணங்கி எழுந்தது.

காரணம் பாகுத்தன்மை. விஜி 46 என்றால் 40 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 46 சென்டிஸ்டோக். 80 டிகிரியில் அது 11-க்கு வந்துவிடும். 10-க்குக் கீழே இறங்கவிடக் கூடாது என்பது பம்புகளுக்குப் பொதுவான எச்சரிக்கை. வழக்கமான 10டபிள்யூ-30 அதே 80 டிகிரியில் 17 அளவில் நிற்கும். அப்படியானால் குளிரில் இது இறுகிவிடாதா என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டால் மைனஸ் 20 டிகிரியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே கெட்டிதான். சூட்டில் ஒன்றரை மடங்கு கெட்டி, குளிரில் சமம்: 10டபிள்யூ-30 போன்ற மல்டிகிரேடு ஆயிலின் பெருமை முழுவதும் இதில்தான் இருக்கிறது. கையேடு எழுதியவர்கள் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

இரண்டாவது, டிராக்டர் ஆயில். யுடிடிஓ என்று வரும் வகை. சூட்டில் விஜி 46-ஐவிட நன்றாகத் தாங்கியது. ஆனால் இந்த ஆயிலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு, ஆயிலில் மூழ்கிய பிரேக்குக்கான ரசாயனங்களுக்குத்தான் போகிறது. 743-இல் அந்த பிரேக்கே இல்லை. அமெரிக்கக் கடைகளில் மஞ்சள் வாளியில் '303' என்ற எண்ணோடு மலிவாக விற்ற டிராக்டர் ஆயிலை மட்டும் கையால் தொடாதீர்கள். 303 என்பது டிராக்டர் நிறுவனமான ஜான் டியர் 1970-களிலேயே கைவிட்ட பழைய தரம். திமிங்கல எண்ணெய் சேர்த்துச் செய்தது அது. பெயருக்குப் பின்னால் இன்று எந்த அளவுகோலும் இல்லை. மிசௌரி மாநிலம் 2017-இல் அதன் விற்பனையைத் தடுத்தது. எந்தத் தரத்துக்குச் செய்தது என்று வாளியில் எழுதாத ஆயிலை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

மூன்றாவதாக ஊற்றியது 10டபிள்யூ-30 டீசல் இன்ஜின் ஆயில், சிகே-4 தரம். என் ஓட்டு இதற்குத்தான். சூடான பிறகும் சரிவில் ஏற்றம் தளரவில்லை. பூம் சொன்ன பேச்சைக் கேட்டது. டீசல் ஆயில் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பம்பின் உலோகப் பரப்புகளைத் தேயாமல் காப்பது துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு கூட்டுப்பொருள். புதிய பெட்ரோல் கார்களுக்கான 30 கிரேடு ஆயிலில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சிகே-4-இல் 0.12 வரை இடமுண்டு. கடையில் எஃப்ஏ-4 என்ற முத்திரையோடும் 10டபிள்யூ-30 வரும். அது எரிபொருள் மிச்சத்துக்காக வேண்டுமென்றே இளக்கமாகச் செய்த ஆயில். தேய்ந்த பம்புக்கு அது ஆகாது.

10டபிள்யூ-40-ஐயும் கையேடு அனுமதிக்கிறது. நான் 30 பக்கம்தான் நிற்பேன். இரண்டு எண்களுக்கும் இடைவெளி கூடக்கூட ஆயிலில் பாலிமர் அதிகம் சேர்க்க வேண்டியிருக்கும். பம்பின் அழுத்தத்தில் அந்தப் பாலிமர் அறுபட அறுபட ஆயில் இளகிவிடும்.

நம் ஊர்க் கணக்கு வேறு. சென்னை மாநகராட்சி குப்பை அள்ளப் பாப்காட் ஓட்டுகிறது. நம் வெயிலில் காலையில் இறுகும் பயமே கிடையாது. பழைய வண்டி வைத்திருப்பவர், கையேடு இன்ஜின் ஆயிலை அனுமதித்தால், டீசல் 15டபிள்யூ-40 ஊற்றலாம் என்பது என் கருத்து. புதிய மாடல்களுக்கு இந்தப் பேச்சு பொருந்தாது. அவற்றுக்குக் கையேடு சொன்னதை மட்டும் ஊற்றுங்கள்.

இன்ஜின் ஆயிலுக்கு ஒரு குறை உண்டு. ஹைட்ராலிக் ஆயிலில் புகுந்த தண்ணீர் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும்; திறந்துவிட்டால் போய்விடும். இன்ஜின் ஆயிலில் உள்ள அழுக்கு நீக்கும் ரசாயனம் தண்ணீரைப் பிரியவிடாமல் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். மழையில் நிற்கும் வண்டி என்றால் ஆயில் பால்போல வெளுக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள். வெளுத்தால் முழுவதும் மாற்றுவதைத் தவிர வழியில்லை. மாற்றும்போது டேங்கை மட்டும் காலி செய்தால் சிலிண்டரிலும் ஹோஸிலும் பழைய ஆயில் நிறையத் தங்கிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். புது ஆயில் பழைய கசடைக் கிளப்பும். சில நாள் ஓட்டிவிட்டு ஃபில்டரை இன்னொரு முறை மாற்றுங்கள்.

கெட்டியான ஆயிலால் பழைய பம்பைப் புதுப்பித்துவிடலாம் என்று சிலர் நம்புகிறார்கள். ஆனால் பம்பின் உள்கசிவு, பாகங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். தேய்மானத்தில் இடைவெளி இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்கு. அதை ஆயிலால் மட்டும் ஈடுகட்ட வேண்டுமானால் எட்டு மடங்கு கெட்டியான ஆயில் வேண்டும். அது காலையில் பம்புக்குள் போகவே போகாது, பம்ப் வறண்டு அலறும். சரியான ஆயில் ஊற்றியும் சூட்டில் வண்டி இழுக்கவில்லை என்றால், அடுத்த வாளிக்குச் செலவழிக்காதீர்கள். ஹைட்ராலிக் மெக்கானிக்கைக் கூப்பிட்டு சார்ஜ் பிரஷரை, அதாவது ஓட்டும் பம்புகளுக்கு ஊட்டும் ஆயிலின் அழுத்தத்தை, அளக்கச் சொல்லுங்கள்.