கிட் ஆட் பேட்ச்: வேண்டிய வரிகளை மட்டும் கமிட் செய்ய

கிட்டில் ஒரு மாற்றம் கமிட் ஆவதற்கு முன் இன்டெக்ஸ் என்ற இடைநிலையில் சேர்கிறது. இதைத்தான் ஸ்டேஜிங் என்கிறார்கள். வெறும் 'கிட் ஆட்' கட்டளை கோப்பில் உள்ள எல்லா மாற்றங்களையும் அங்கே சேர்த்துவிடும். கூடவே '-பி' (பேட்ச்) கொடுத்தால், அதே கோப்பில் வேண்டிய மாற்றங்களை மட்டும் பொறுக்கிச் சேர்க்கலாம். 2005-இல் லினக்ஸ் கெர்னலுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கருவி கிட். ஒரு பேட்சில் ஒரே மாற்றம் என்பது கெர்னல் குழுவின் எழுதப்பட்ட விதி. அந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்க '-பி' பெரிதும் உதவுகிறது.

கட்டளை ஓடியதும் மாற்றங்கள் ஹங்க் எனப்படும் துண்டுகளாக ஒவ்வொன்றாகத் திரையில் வரும். முன்னும் பின்னும் மாறாத மூன்று வரிகள் வரை சேர்ந்து தெரியும். 'ஒய்' அழுத்தினால் துண்டு சேரும், 'என்' தவிர்க்கும், 'க்யூ' வெளியேறும். துண்டு பெரிதாக இருந்தால் 'எஸ்' அதை உடைக்கும். ஆனால் இரண்டு மாற்றங்களுக்கு நடுவே மாறாத வரி ஒன்றாவது இருந்தால்தான் உடையும்.

பில் தொகையை முழு ரூபாயாக்கும் வரியைத் திருத்திவிட்டு, அதற்கு நேர் கீழே சோதனைக்காக ஒரு பிரின்ட் வரி போட்டிருப்பதாகக் கொள்வோம். இங்கே 'எஸ்' பயன்படாது; 'இ' வேண்டும். அது அந்தத் துண்டை எடிட்டரில் திறக்கும். கூட்டல் குறியோடு நிற்கும் பிரின்ட் வரியை அங்கே நீக்கிச் சேமித்தால், திருத்தம் மட்டும் இன்டெக்ஸில் சேரும். வட்டில் உள்ள கோப்பில் பிரின்ட் வரி அப்படியே இருக்கும். கழித்தல் குறியிட்ட வரியைத் தவிர்க்க அதை நீக்கக் கூடாது. குறியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஓர் இடைவெளி விட வேண்டும். புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுவே.

குறைகளும் உண்டு. புதிதாக உருவாக்கிய கோப்பு '-பி'யின் கண்ணில் படாது. முதலில் 'கிட் ஆட் -என்' (பெரிய எழுத்து) கொடுத்து அதைப் பதிவு செய்ய வேண்டும். இன்னொன்று இதைவிட முக்கியமானது: பொறுக்கிச் சேர்த்த வடிவம் அந்த நிலையில் ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்கப்பட்டதல்ல. ஒரு ஃபங்ஷன் அழைப்பு சேர்ந்து, அந்த ஃபங்ஷன் விடுபட்டால் கமிட் உடையும். 'கிட் டிஃப் --ஸ்டேஜ்டு' கொடுத்துப் படித்துப் பார்ப்பதும், 'கிட் ஸ்டாஷ் --கீப்-இன்டெக்ஸ்' மூலம் மீதியை ஒதுக்கிவிட்டு டெஸ்ட்களை ஓட்டுவதும் இதற்கு மருந்து.

தவறிச் சேர்த்ததை 'கிட் ரீசெட் -பி' திரும்ப எடுக்கும். 'கிட் செக்அவுட் -பி'யும் அதே போலத் துண்டு துண்டாகக் கேட்கும். ஆனால் அங்கே 'ஒய்' அழுத்தினால் கோப்பிலிருந்தே மாற்றம் அழிந்துவிடும்.

மவுஸால் வரிகளைத் தேர்ந்தெடுக்க விரும்புவோருக்கு 'கிட் கூய்', விஎஸ் கோட் போன்றவை இதே வசதியைத் தருகின்றன. எந்த வழியில் செய்தாலும், கமிட்டுக்கு முன் ஒவ்வொரு மாற்றத்தையும் கண்ணால் பார்க்க வைப்பதே இதன் தலையாய பயன். கிட்டை அன்றாடம் பயன்படுத்துவோர் கட்டாயம் பழகிக்கொள்ள வேண்டிய வசதி இது.