அசையும் அழுத்தமும்

முகப்பேர் நிறுத்தத்தில் நடத்துநர் ஊர்ப்பெயர்களைக் கூவும்போது, யாப்பு படித்தவனுக்குக் காது சும்மா இருக்காது. முகப்/பேர் புளிமா. ஆ/வடி கூவிளம். அம்/பத்/தூர் தேமாங்காய். பூந்/தமல்/லி கூவிளங்காய். குறிலா நெடிலா, ஒற்று எங்கே விழுகிறது என்று பார்த்தால் போதும், அசை தானே பிரியும்.

வினைச்சொல்லில் இந்த ருசி இன்னும் கூடுதல். 'வந்தான்' தேமா. அவனையே 'வந்தனன்' என்றால் கூவிளம். 'வருவான்' புளிமா, 'வருகிறான்' கருவிளம். வெண்பாவில் அடுத்த சீர் நேரசையில் தொடங்கினால் 'வந்தான்' தளை தட்டும். 'வந்தனன்' போட்டால் விளமுன் நேர் வந்து வெண்டளை அமைந்துவிடும். காலம் மாறாமல், பொருள் மாறாமல், விகுதியில் மட்டும் நடக்கும் இந்த வேலை எனக்கு எப்போதும் பிடிக்கும்.

இத்தாலிய வினைகளையும் இப்படிப் பிரித்து ரசிக்கலாம். இரட்டித்த மெய்யில் முதலாவது முன்னசையோடு ஒட்டும், நம்மைப் போலவே. ஆனால் அங்கே ஆட்சி அழுத்தத்துக்கு. கா-பி-தோ என்று முதலசையை அழுத்தினால் 'வந்து சேர்கிறேன்'. நடுவசையை அழுத்தி க-பீ-தோ என்றால் 'புரிந்தது'. கடைசியில் அழுத்தினால் 'நேர்ந்தது'. முதலிரண்டுக்கும் எழுத்து ஒன்றே. ஈற்றில் அழுத்தம் விழுந்தால் மட்டும் உயிரின் தலையில் ஒரு சாய்கோடு போடுவார்கள்.

இந்த இரண்டு காதும் ஒருவருக்கே வாய்த்தது. 1680இல் இத்தாலியின் காஸ்திலியோனேயில் பிறந்த வீரமாமுனிவர், தேம்பாவணியில் 3,615 விருத்தம் பாடினார். தொன்னூல் விளக்கத்தில் யாப்புக்கும் இலக்கணம் செய்தார். எனக்கு அவற்றைவிட அவர் பெயரால் வழங்கும் எழுத்துச் சீர்திருத்தம்தான் பெரிது. ஓலையில் எகரக் குறிலைக் காட்டும் புள்ளி விடுபட்டால் 'கெடு'வும் 'கேடு'ம் ஒரே தோற்றம். முன்னது ஒற்றை நிரையசை, பின்னது நேர் நேர். படிப்பவர் இடம் பார்த்துத்தான் அலகிடவேண்டும். கொம்பைச் சுழித்து நெடிலாக்கியதும் அந்தச் சிக்கல் தீர்ந்தது. அலகிட இன்று கண்ணே போதும்.

அவர் பிறந்த மொழிக்கு அந்த வசதி இன்றும் பாதிதான். 'அவர்கள் தொலைபேசியில் அழைக்கிறார்கள்' என்பதற்கான வினை தெ-லே-ஃபொ-ன-னொ. அழுத்தம் கடைசியிலிருந்து நான்காம் அசையில். பிறகு மூன்று அசைகள் மூச்சுவிடாமல் உருண்டோடும். அச்சில் அதற்கு ஒரு கோடும் கிடையாது. புதிதாகப் படிப்பவர் அகராதியைத்தான் புரட்டவேண்டும்.